சாரல் அடிக்கும் சுவருக்குத் தென்னம் பலகை

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை நேராக விழுவதில்லை. வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து அடிக்கும். மாட்டுக் கொட்டகையோ, நெல் மூட்டை அடுக்கிய அறையோ, வடக்கு, கிழக்குப் பக்கத்து மண் சுவர்தான் முதலில் ஊறிக் கரையும். கீற்றுத் தட்டி கட்டி மறைப்பது நம் வழக்கம். ஆனால், தட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். விழுந்த தென்னை இருந்தால், அதையே பலகையாக்கிச் சுவரை மறைக்கலாம்.

2018 நவம்பர் 16-ம் தேதி கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தோப்பு தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. விழுந்த மரத்தை அப்படியே மட்கவிட்டால், காண்டாமிருக வண்டு அதில் பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தைக் குடையும். சீக்கிரம் அறுத்துவிட்டால் தோப்புக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

வைரம் வெளியே!

தேக்குக்கு வைரம் உள்ளே. தென்னைக்கும் பனைக்கும் வெளியே. வெளியே வைரம் உள்ளதைப் 'புல்' என்றும், உள்ளே வைரம் உள்ளதை 'மரம்' என்றும் தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. எனவே, முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில், வெளிவட்டத்தில் மட்டும் பலகை எடுங்கள். நடுச்சோறு சுவருக்கு உதவாது. நார் கடினமாக இருப்பதால் சாதாரண ரம்பம் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பல் வைத்த ரம்பம் உள்ள மில்லில் அறுக்கக் கொடுங்கள். அறுத்த பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரப்பலகை பூஞ்சணம் பிடிக்கும்; அடித்த பிறகு வளையும்.

பொருத்தும் முறை

* மண் சுவரில் ஆணி நிற்காது. மேலே கூரைச் சட்டத்திலும் கீழே செங்கல் மேடையிலும் பிடிமானம் கொடுத்து, சுவரை ஒட்டி 2 அடிக்கு ஒன்றாகச் செங்குத்துச் சட்டம் நிறுத்துங்கள்.
* சுவருக்கும் பலகைக்கும் நடுவே முக்கால் அங்குலமாவது காற்று ஓடும் இடைவெளி வேண்டும். எலி நுழையாமல் அதன் அடியில் கம்பி வலை அடியுங்கள்.
* முதல் பலகை தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் தொடங்கட்டும். மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும்.
* கீழிருந்து மேலாக, மேல் பலகை கீழ்ப் பலகையின் மீது ஓர் அங்குலத்துக்கு மேல் படியும்படி அடியுங்கள். கடைசிப் பலகை கூரை விளிம்புக்குள் இருக்க வேண்டும்.
* முதலில் துளை போட்டு, பிறகு துத்தநாகம் பூசிய ஆணி அடித்தால் பலகை பிளக்காது. கீழ்ப் பலகையைத் துளைக்காமல், சட்டத்துக்கு ஓர் ஆணி போதும். அப்போதுதான் வெயிலுக்கும் மழைக்கும் பலகை சுருங்கி விரிய முடியும்.

பொருத்தும் முன்பே, வெட்டுமுனை உட்பட எல்லாப் பக்கமும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்கள். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை அவசியம்.

பலகை சுவரோடு ஒட்டினால் தண்ணீர் உள்ளேயே தங்கி, சுவரும் கெடும், பலகையும் கெடும். இடைவெளி விட்டால் நனைந்தது அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். ஆண்டுதோறும் புரட்டாசியில் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்டால், மழைக்கு முன்பே அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம்.