இரை தெரியும், முள் தெரியாது

மன்னார்த் தீவில் கத்தோலிக்கராகப் பிறந்தவர்களுக்கு 1544ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் இருக்கிறது. உயிரா, விசுவாசமா என்ற சோதனை அது என்றே எமக்கு மறைக்கல்வியில் சொல்லித் தந்தார்கள்.

பள்ளிமுனையில் இன்று யாரும் வாளோடு வருவதில்லை. "ஒருக்கா மட்டும்தானே" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கடலில் ஒரு பொதியை வாங்கிக் கரையில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். தங்கூசி வலையை இருட்டில் போட்டு விடியமுன் எடுத்தால் யாருக்குத் தெரியும் என்கிறார்கள். பிள்ளையின் கைத்தொலைபேசியிலோ பந்தயம் கட்டச் சொல்லி விளம்பரம் வருகிறது. இவற்றை எதிர்த்து நின்றவனுக்கு யாரும் ஆலயம் கட்டப்போவதில்லை. ஆனால், குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில்தான்.

யாக்கோபு தம் திருமுகத்தின் முதலாம் அதிகாரத்தில், மனிதனை இழுத்துச் செல்வது அவனுடைய சொந்த ஆசையே என்கிறார். கிரேக்க மூலத்தில் அவர் அங்கே பாவிக்கும் ஒரு சொல், இரை வைத்துப் பிடிப்பதைக் குறிப்பது. எங்கள் ஊரில் இதற்கு வியாக்கியானம் வேண்டாம். எந்த மீனுக்கு எது இரை என்று தெரிந்தவன்தான் தூண்டில் போடுவான். குடிக்காதவனிடம் சாராயப் போத்தலை நீட்டிப் பயனில்லை. மகளின் படிப்புச் செலவுக்குத் தவிப்பவனிடம் முற்பணத்தை நீட்டுவார்கள்.

தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. 2017இல் இழுவைமடிக்கும் சட்டத்தால் தடை வந்தது. இவை தெரியாத கடற்றொழிலாளி இல்லை. இருந்தும் இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன மறுநாள், "நான் மட்டும் ஏன் சட்டத்தைப் பார்க்க வேணும்?" என்ற கேள்வி வரும். அது வெறும் பேராசையால் வரும் கேள்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதில் நியாயமான கோபமும் கலந்திருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தான இரை.

பாலைவனத்தில் இயேசுவுக்கு வந்த முதல் சோதனையும் அப்பத்தைப் பற்றியதுதான். நாற்பது நாள் பசித்தவருக்கு அப்பம் தேடுவது குற்றமா? பசி பாவமல்ல. அதைத் தீர்க்க யார் சொல்லும் வழியில் போவது என்பதே அங்கே கேள்வி. மூன்று முறையும் அவர் இணைச்சட்ட நூலிலிருந்தே பதில் சொன்னார். அந்த வசனங்கள் ஏற்கனவே அவர் மனதில் இருந்தன. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், ஒவ்வொரு தீய எண்ணத்துக்கும் எந்த வசனத்தால் பதில் சொல்வது என்று ஒரு நூலே எழுதி வைத்தார். புயல் வந்தபிறகு நங்கூரம் தேடுவதில்லையே.

ஆனால் எல்லாச் சோதனையோடும் நின்று வாதாடத் தேவையில்லை. போத்திபாரின் மனைவி மேலாடையைப் பிடித்தபோது யோசேப்பு அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். பந்தயச் செயலியைத் தொலைபேசியிலிருந்து அழிப்பதும், குடிக்கிற கூட்டம் இருக்கும் வாடியைச் சுற்றி வேறு பாதையால் வீட்டுக்குப் போவதும் அப்படிப்பட்ட ஓட்டம்தான். இதைக் கோழைத்தனம் என்று இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

சவேரியாரை ஆசியாவுக்கு அனுப்பிய புனித இஞ்ஞாசியார் இன்னொன்று சொல்கிறார். பெண்ணை ஏமாற்ற வருபவன், தன் பேச்சு அவளுடைய தகப்பனுக்குத் தெரிவதை விரும்பமாட்டான்; சோதிப்பவனும் அப்படித்தான் இரகசியத்தை விரும்புகிறான், வெளியே சொன்னதும் பலம் இழக்கிறான் என்பது அவர் கருத்து. பொதி சுமக்கக் கூப்பிடுகிறவன் முதலில் சொல்வதும் "வீட்டில சொல்லாதே" என்பதுதான். முள் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மனைவியிடமோ, அண்ணனிடமோ, பங்குத்தந்தையிடமோ அன்றிரவே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியைப் பற்றி எங்கள் பிரசங்கங்கள் குறைவாகவே பேசுகின்றன என்பது என் குறை. செபம் குறைந்ததால் விழுந்தான் என்று முடித்துவிடுகிறோம். நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் செல்வமும் வேண்டாம், வறுமையும் வேண்டாம் என்று மன்றாடுகிறார். வறுமை வந்தால் திருடிவிடுவேனோ என்று அஞ்சுகிறார். வெறும் வயிறு மனிதனை எங்கே தள்ளும் என்பதை வேதாகமம் மறைக்கவில்லை. சோதனையோடு தப்பும் வழியையும் கடவுள் தருவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த வழி சிலவேளை அடுத்த வீட்டுக்காரர் வட்டியில்லாமல் கொடுக்கும் கைமாற்றாக இருக்கலாம்.

டிசம்பர் 13 எங்கள் புனித லூசியாவின் திருநாள். அது வாடைக்காற்றுக் காலம். பல நாட்கள் வள்ளம் இறக்க முடியாது, கிறிஸ்மஸ் செலவோ வாசலில் நிற்கும். திருவிழாக் கணக்குப் பார்க்கும்போது, வலை இழந்த வீடுகளுக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கலாமா என்று இம்முறை கேட்கவிருக்கிறேன்.