தண்ணீரைப் பிரிக்கும் மலிவான ஊக்கிகள்

மின்சாரத்தைச் செலுத்தினால் நீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும் என்பதை 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர் செய்து காட்டினர். அவ்வாறிருக்க, இன்றும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கப்படுவது ஏன்? செலவே முதற்காரணம்.

சாதாரண வெப்பநிலையில் நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். நடைமுறையில் அது போதுவதில்லை. மின்வாய்களில் எழும் தடையை வெல்ல மேலும் அழுத்தம் தேவைப்படுகிறது. தான் செலவாகாமல் அந்த மிகையைக் குறைப்பதே கிரியா ஊக்கியின் வேலை. 1.23 என்னும் எல்லையை எந்த ஊக்கியாலும் தாழ்த்த இயலாது. மாணாக்கர் மயங்கும் இடம் இதுவே; ஆசிரியர்கள் தெளிவுறுத்த வேண்டும்.

காரக் கரைசலில் இவ்வேலைக்கு நிக்கலும் இரும்புமே போதும். அமிலச் சூழலில் இவை கரைந்துவிடும். அங்கே ஹைட்ரஜன் எழும் முனைக்குப் பிளாட்டினமும், பிராணவாயு எழும் முனைக்கு இரிடியமும் வேண்டும். உலகெங்கும் ஆண்டுதோறும் கிடைக்கும் இரிடியமோ பத்து டன்னுக்கும் குறைவு.

இயந்திரங்களுக்கு மசகாகப் பயன்படும் மாலிப்டினம் சல்பைடு பிளாட்டினத்தின் வேலையை ஓரளவு செய்யும் என 2005இல் டென்மார்க் ஆய்வாளர் அறிவித்தனர். அதன் படிகத்தின் விளிம்புகளே வேலை செய்கின்றன; பரப்பு வாளா இருக்கிறது. இரிடியத்திற்கு ஈடாக அமிலத்தில் நெடுநாள் நிலைக்கும் மலிவான பொருளைக் காண்பதே இன்னும் அரிதாயிருக்கிறது. விலை குறைந்திருந்தால் மட்டும் போதாது. நீடித்து உழைக்கும் ஊக்கியே உண்மையில் மலிவானது.