மைக்குக்கு முன்னால் வளையல் கூடாது!

உங்கள் வீட்டில் ரேடியோ எங்கே இருந்தது? கூடத்து அலமாரியிலா, சமையலறை ஜன்னல் திட்டிலா? ஐம்பது வயதைத் தாண்டிய சகோதரிகளுக்கு அந்த இடம் மட்டுமல்ல, அதன் மேல் போட்டிருந்த பூவேலை செய்த உறைகூட ஞாபகம் வரும். இளம் தாய்மார்கள் அம்மாவையோ மாமியாரையோ கேட்டுப் பாருங்கள். பதில் வர ஒரு நிமிஷம் ஆகாது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில், அது கூடத்துச் சுவரில் அடித்த பலகையின் மேல் இருந்தது. குழந்தைகள் கை படக்கூடாதாம்! வால்வு ரேடியோ. திருகியதும் பேசிவிடாது. முதலில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், அப்புறம் பச்சைக் கண், அதற்கும் பிறகுதான் ஓர் உறுமல். ஸ்டேஷன் சரியாகப் பொருந்தினால் பச்சைக் கண் குவியும். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வலை போலப் பின்னிய செப்புக் கம்பி ஏரியல். வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் வேறு கட்ட வேண்டும். (1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. "பாட்டு கேட்க லைசென்ஸா?" என்று என் பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.)

சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-ல்; திருச்சி நிலையம் 1939 மே 16-ல். எங்கள் பக்கத்துக்குத் திருச்சிதான் சொந்த நிலையம். அப்பாவுக்கு விவசாய நிகழ்ச்சி முடிந்தால்தான் சாப்பாடு. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்று ஒரு குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் எடுத்துச் சொல்ல, தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்துவிட்டது. கடையில் போய் "ரேடியோ விதை இருக்கா?" என்று கேட்பார்கள்.

அம்மா ஒருநாள் சொன்னாள்: "ஆம்பளைங்க கேட்டு நட்டதுக்கு ரேடியோன்னே பேர் வெச்சாச்சு. நாம கேட்டுக் கத்துக்கிட்டதுக்கு யாரு பேர் வெக்கறா?"

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயசு. அம்மா என்ன சொல்கிறாள் என்பது, பிற்காலத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அடுப்படியில் ஒரு கடிகாரம்

அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் சமையலறையில் கடிகாரம் இருந்தது? ரேடியோதான் கடிகாரம். மங்கல இசை கேட்டால் வாசல் தெளித்திருக்க வேண்டும். 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும்போது உலை கொதித்திருக்க வேண்டும். செய்தி முடிந்தும் தலை பின்னவில்லை என்றால் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியதுதான். அந்தச் செய்தியை சரோஜ் நாராயணசுவாமி வாசிக்கும் நாட்களில் அப்பாகூடப் பேப்பரைக் கீழே வைத்துவிடுவார். கணீரென்ற குரல், ஓர் எழுத்து நழுவாது. உலகச் செய்தியை ஒரு பெண்பிள்ளை சொல்லி ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே எங்களைப் போன்ற சிறுமிகளுக்குப் பெரிய விஷயம். அவர் 2022 ஆகஸ்டில் காலமானார் என்று படித்தபோது, சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி இருந்தது.

பிறகு, இலங்கை வானொலி! அதைச் சொல்லாவிட்டால் நீங்களே என்னை மன்னிக்க மாட்டீர்கள். மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது... முகம் தெரியாத இவர்கள் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் விருந்தாளிகள். கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையம் கரையோர ஊர்களில் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று வியப்பதுண்டு. உப்புத் தண்ணீரின் மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் போகும். வறண்ட நிலத்தின் மேல் சீக்கிரம் தேய்ந்துவிடும். சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் இன்னும் தூரம் வரும். ராத்திரியில் ஏதேதோ பாஷைகள் கலந்து கேட்டது அதனால்தான். இதையெல்லாம் எனக்குப் பின்னாளில் ஓர் இன்ஜினியர் விளக்கினார். சின்ன வயசில், "ராத்திரியிலே காத்து தூக்கிட்டு வருது" என்று பாட்டி சொன்னதே போதுமானதாக இருந்தது.

பூட்டிய கதவுக்குள்ளே

கல்யாணமாகித் தெற்கே போனேன். 1981-ல் அங்கே வானொலி நிலையம் ஒன்றில் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். மாதத்தில் சில நாட்கள்தான் அழைப்பு வரும். எந்த நிலையம் என்று சொல்லவில்லை, சொன்னால், கூட வேலை பார்த்தவர்கள் "என்னைப் பத்தி எழுதலையா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்!

முதல் நாள் நிகழ்ச்சி அதிகாரி அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாடி வளையலா? கழட்டி வெச்சிடுங்க. கொலுசையும்தான். பட்டுப்புடவை இனிமே வேண்டாம், சரசரன்னு மைக்ல கேக்கும்." புதுப் பெண்ணாகப் போனவள் மொட்டைக் கையோடு உட்கார்ந்தேன். மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று முதல் வாரம் முழுக்கப் பயம். பிறகு அவரே ஞாபகமாக ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார், வளையலைப் போட்டு வைக்க.

ஸ்டூடியோவுக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் இன்னொன்றைத் திறக்கலாம். சுவரெல்லாம் சின்னச் சின்னத் துளை போட்ட பலகை. உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கும். வெளியே சிவப்பு விளக்கு எரிந்தால் பூனைகூட நடக்கக்கூடாது. எழுதிக் கொண்டுபோன தாள்களிலிருந்து குண்டூசியை முதலில் எடுத்துவிட வேண்டும். படித்து முடித்த தாளைப் புரட்டக்கூடாது. சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்த வேண்டும். தும்மல், இருமல், இதெல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

பேச்சுகளைக் கால் அங்குல அகல டேப்பில் பதிவு செய்வோம். நடுவில் யாராவது தடுமாறினால், அந்த இடத்தைக் காதால் தேடிப் பிடித்து, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டு நாடாவால் இணைப்பார்கள். ஒரு வினாடிக்கு ஏழரை அங்குலம் டேப் ஓடும். ஆகவே ஒரு 'வந்து...' என்ற இழுவை என் விரல் நீளத்துக்கு மேலேயே இருக்கும்! வேலை முடியும்போது தரையெல்லாம் வெட்டிப் போட்ட 'வந்து'களும் 'அதாவது'களும் கிடக்கும்.

நான் வேகமாக வாசித்தால் அந்த அம்மாள் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கையைக் காட்டுவார். அப்புறம் கூப்பிட்டுச் சொல்வார்: "நீங்க ஊர்க்கூட்டத்துக்குப் பேசாதீங்க. ஒருத்திக்குப் பேசுங்க. அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருக்கா. இடுப்புல குழந்தை இருக்கு. பேனா எடுத்து எழுதிக்க முடியாது. அளவு சொன்னா இரண்டு தரம் சொல்லுங்க."

கண்ணீர் அளவு உப்பு

மதியம் வந்த மகளிர் நிகழ்ச்சியை ஆபீசிலேயே சிலர் 'ஊறுகாய் நிகழ்ச்சி' என்று கிண்டல் செய்வார்கள். அவர்கள் ஒருநாளாவது அந்தத் தபால் மூட்டையைப் பிரித்திருக்க வேண்டும்.

அப்போதெல்லாம் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள். பாலையும்கூட நிறுத்துவார்கள். உடம்பில் நீர் வற்றித்தான் குழந்தைகள் இறந்தன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றலாம் என்பதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அந்த வருஷங்களில்தான் நாடு நாடாகப் பரப்பிக்கொண்டிருந்தன. ஒரு லேடி டாக்டர் வந்து பேசினார். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. இரண்டு தரம் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு. பென்சில் எழுத்து. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. 'எங்கள் வீட்டில் டீஸ்பூன் இல்லை. லிட்டரும் இல்லை. படியும் தம்ளரும்தான் இருக்கிறது. தம்பிக்கு அடிக்கடி போகிறது. நாங்கள் எவ்வளவு போட வேண்டும்?'

அதிகாரி அம்மாள் அந்தக் கார்டை மேஜை மேல் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். மறு வாரமே டாக்டர் வந்துவிட்டார். கேன்டீனிலிருந்து, கடைத்தெருவிலிருந்து, என் வீட்டிலிருந்து என்று ஏழெட்டுத் தம்ளர் மேஜையில் வரிசையாக நின்றன. தண்ணீர் ஊற்றி ஊற்றி அளந்தோம். ஐந்து கொண்டால் ஒரு லிட்டர் ஆகிற தம்ளர் எது என்று பார்த்தோம். இனிப்பு மருந்துப் புட்டியோடு கொடுக்கிறார்களே சின்னக் கரண்டி, அதுதான் ஒரு டீஸ்பூன் அளவு. கடைசியில் தம்ளருக்கு ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு என்று வந்தது. "சிட்டிகை ஆளுக்கு ஆள் மாறுமே, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழந்தைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அம்மா வாயில விட்டுப் பாக்கணும். கண்ணீரைவிட உப்புக் கரிச்சா, கொட்டிட்டு வேற கலக்கணும்."

அளவுக் கரண்டி இல்லாத வீடு உண்டு. கண்ணீர் ருசி தெரியாத தாய் உண்டா? அந்த மதியம் அதை மூன்று தரம் சொன்னேன்.

அந்தக் குடும்பத்திடமிருந்து மறுபடி கடிதம் வரவில்லை. தம்பி என்ன ஆனான் என்று தெரியாது. ஆனால் வேறு ஊர்களிலிருந்து வந்தன. 'கண்ணீர் அளவு பார்த்துக் கொடுத்தோம்' என்றே பல பேர் எழுதினார்கள். அம்மா கேட்டாளே, யார் பேர் வைக்கிறார்கள் என்று, அவர்களாகவே வைத்துவிட்டார்கள்.

(இன்றைய தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கிறது. வீட்டில் இரண்டு வைத்திருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்டிருப்பதாகப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையும் தருவார்கள். குழந்தை சோர்ந்து கிடந்தால், கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடித்ததெல்லாம் வெளியே வந்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.)

1992 வரை அங்கே இருந்தேன். டி.வி. வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. தபால் மூட்டை சின்னதாகிக்கொண்டே போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. காலம் மாறத்தானே செய்யும்? எனக்குள்ள வருத்தம் வேறு. எங்கள் நிலையத்தில் டேப்புக்கு எப்போதும் பஞ்சம். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு, அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்ய வேண்டும். பெரிய வித்வான்களின் கச்சேரிக்கு 'பாதுகாக்க' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்பார்கள். வைக்க வேண்டியதுதான். அந்த டாக்டரின் பேச்சுக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லை. பிரசவம் பார்த்த கிழவி ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினாள். பன்னிரண்டு நிமிஷமாக வெட்டி ஒலிபரப்பினோம். அடுத்த மாதம் அதே டேப்பில் வேறு யாரோ உரத்தைப் பற்றிப் பேசினார். அப்படி ஒரு பாட்டி இருந்தாள் என்பதற்கு இன்று என் ஞாபகம்தான் சாட்சி.

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் சமுதாய வானொலி ஆரம்பித்தது. நம் நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. சாதாரணக் குடும்பப் பெண்களே அதில் வந்து ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தோன்றியதெல்லாம், "அதையாவது பத்திரமா வெச்சிருப்பாங்களா?" என்பதுதான். கம்ப்யூட்டரில் சேமிக்க டேப் பஞ்சம் கிடையாதே!

போன மாதம் என் மருமகள் கைபேசியில் வானொலியைப் போட்டுக் கொடுத்தாள். எந்த ஊர் நிலையமானாலும் வருகிறது. கரகரப்பே இல்லை, பச்சைக் கண்ணும் இல்லை. ஓர் இளம்பெண் கேழ்வரகில் கூழ் காய்ச்சுவது பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். நல்ல குரல். நடுவில் மெல்ல ஒரு சரசரப்பு.

"தாளைப் புரட்டறா," என்றேன். "குண்டூசியை எடுத்திருக்க மாட்டா."

"என்ன குண்டூசி அத்தை?" என்றாள் மருமகள், குக்கரை இறக்கிக்கொண்டே.