அமர்த்துவோரும் வழக்காடுவோரும்: அரசு வழக்குரைஞர் நியமனம் குறித்த ஒரு நோக்கு

குற்ற வழக்குகளில் நீதிபதியின் சார்பின்மை குறித்து விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அவர்முன் அரசுக்காக வாதிடுபவரை அமர்த்துவோர் யார், நீக்குவோர் யார் என்னும் வினா அதே அளவில் எழுப்பப்படுவதில்லை. இவ்விரு பதவிகளின் நிறுவன அமைப்பு வேறுபடுவதன் விளைவை இக்கட்டுரை ஒரு வழக்கின்வழி விளக்குகிறது.

திருச்சிராப்பள்ளி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நீதிபதி, அரசியலமைப்பின் 235ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவர். தீர்த்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கையும் உயர் நீதிமன்றம் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீடும் அவருக்கு முதன்மையானவை. அரசு வழக்குரைஞரின் நிலை வேறு. மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து பெயர்ப்பட்டியல் அனுப்ப, மாநில அரசு அதிலிருந்து ஒருவரை அமர்த்துகிறது. ஆட்சி மாறினால் அரசு வழக்குரைஞர்களும் மாறுவதை நீதிமன்ற வளாகத்தில் எவரும் வியப்புடன் நோக்குவதில்லை.

இதன் விளைவு ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் வெளிப்பட்டது. 1997இல் சென்னைத் தனி நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலான அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2001 மே மாதம் அவர் மீண்டும் முதல்வரானார். பின்னர், முன்பே சாட்சியம் அளித்திருந்த அரசுத் தரப்புச் சாட்சிகள் 76 பேர் குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டனர். 64 பேர் தம் முந்தைய கூற்றிலிருந்து பின்வாங்கினர். அரசு வழக்குரைஞர் அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கக் கோரவில்லை. அவர்களை மறுவிசாரணை செய்யவும் முற்படவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் வந்து நீதிமன்றத்தின் வினாக்களுக்கு விடையளிப்பதிலிருந்து விலக்குக் கேட்கப்பட்டபோதும் அவர் எதிர்க்கவில்லை.

இங்கு நீதிபதியை மட்டும் குறைகூறுவது பொருந்தாது என்பது என் கருத்து. சாட்சிகளைத் தாமே வினவ நீதிபதிக்குச் சட்டத்தில் இடமுண்டு, மெய்தான். ஆயினும் இருதரப்பு வாதத்தின்மேல் எழுப்பப்பட்ட நடைமுறையில் ஒரு தரப்பு வாய்மூடி நின்றால், எதிர்ப்பற்ற மனுவை ஏற்பதே நீதிபதிக்கு எளிய வழி.

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் தொடுத்த மனுவில் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்திற்கு மாற்றியது. அத்தீர்ப்பில் பலரும் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்றுண்டு. வழக்கு நடக்கும் இடத்தை மாற்றியதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. அரசு வழக்குரைஞரைக் கர்நாடக அரசு அம்மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்தே அமர்த்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. நோயின் வேர் ஊரில் இல்லை, நியமனத்தில் உள்ளது என அது உணர்ந்திருந்தது. மேல்முறையீட்டின்போது அதே சிக்கல் திரும்பி வந்தது. தமிழக அரசு பவானி சிங்கை அமர்த்தியது செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, உயர் நீதிமன்றத்தில் வாய்மொழி வாதங்களே முடிந்திருந்தன.

2005ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 25அ பிரிவைச் சேர்த்து, வழக்குத் தொடர்வு இயக்குநர் நியமனத்திற்கு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவைக் கட்டாயமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆம் பிரிவில் அவ்விசைவு இடம்பெறவில்லை. இயக்குநரோ, காவல்துறையைப் போலவே, உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் தொடர்கிறார்.