பழைய தட்டை ரிவிக்கு எவ்வளவு கேட்கலாம்?

"அண்ணை, இதுக்கு எவ்வளவு கேக்கலாம்?" கிளிநொச்சியில் ரிவி திருத்தும் வேலை செய்வதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. காசு அவசரமாகத் தேவைப்படும் வீடுகளில் இருந்துதான் பெரும்பாலும் அது வரும். நுண்கடன் தவணையாக இருக்கும், பிள்ளையின் படிப்பாக இருக்கும், கொழும்பில் காட்டவேண்டிய வருத்தமாக இருக்கும். வாசலில் வந்து நிற்கும் வியாபாரிக்கு அந்த அவசரம் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் தட்டை ரிவி பரவலானது 2009க்குப் பிறகுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மீளக் குடியமர்ந்த பலர், தவணைக்கு எடுத்த முதல் பெரிய பொருள் அது. அதனால் பற்றுச்சீட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். விற்கும்போது அதை எடுத்துக் காட்டுவார்கள். தயவுசெய்து காட்டவேண்டாம்.

2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. வெளிநாட்டில் இருந்து வரும் பொருட்களின் விலையும் அதோடு ஏறியது. உங்கள் பற்றுச்சீட்டில் இருப்பது பழைய ரூபாய். "முப்பதாயிரத்துக்கு வாங்கினது, ஏழு வருசம் பாவிச்சது, நாலாயிரம் தரலாம்" என்று வியாபாரி அந்தப் பழைய ரூபாயில் இருந்து கழிக்கத் தொடங்குவார். நீங்கள் இன்றைய விலையில் இருந்து தொடங்குங்கள். அதே அளவுப் புதிய ரிவி இன்று என்ன விலை என்று இரண்டு கடைகளில் கேளுங்கள். 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறையில்லாமல் வேலைசெய்யும், ஐந்து வருடம் பாவித்த ரிவிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கேட்கலாம். பத்து வருடம் தாண்டியது என்றால் ஐந்தில் ஒரு பங்கே பெரிது. இது என் அனுபவக் கணக்கு. கொஞ்சம் முன்பின்னாகலாம்.

வயது தெரியாவிட்டால் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். பலவற்றில் உற்பத்தி ஆண்டு இருக்கும். சாம்சுங் என்றால் மாதிரி இலக்கமே போதும். யூஏ என்று தொடங்கினால் எல்.ஈ.டி., எல்ஏ என்றால் குழாய் விளக்கு வைத்த பழைய எல்.சி.டி., பீஎஸ் என்றால் பிளாஸ்மா. யூஏ வகையில் அளவுக்கு அடுத்து வரும் எழுத்து ஆண்டைச் சொல்லும்: ஈ 2012, எஃப் 2013, எச் 2014, ஜே 2015.

இந்த வகை வித்தியாசம் விலையில் பெரிதாகத் தெரியும். காரணம் கரண்ட் பில். 32 அங்குலப் பழைய எல்.சி.டி. 120 வாட் அளவில் இழுக்கும், எல்.ஈ.டி. 50 வாட்டோடு நிற்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் பார்த்தால் மாதம் பத்து அலகுக்கு மேல் வித்தியாசம். மாதம் 55 அலகு பாவிக்கும் வீடு அதனால் 60ஐத் தாண்டினால், முழுப் பில்லுமே வேறு கட்டண அட்டவணைக்குப் போய்விடும். விவரம் தெரிந்தவர் பிளாஸ்மாவைச் சும்மா தந்தாலும் யோசிப்பார். பெரிய கொம்பனிகள் 2014 அளவிலேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டன.

இனி முக்கியமான விசயம். சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை கறுப்பு. "பனல் போயிட்டுது அக்கா, இரும்பு விலைதான்" என்பார் வியாபாரி. நம்புவதற்கு முன் அறையை இருட்டாக்கி, திரைக்குக் கிட்டவாக ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பனல் பெரும்பாலும் நல்லாக இருக்கிறது. போனது பின்னால் இருக்கும் வெளிச்சம்தான். எல்.ஈ.டி. பட்டியை மாற்றினால் பெரும்பாலும் சரிவரும், பனலோடு பார்க்கும்போது அதன் செலவு சிறிது. அப்படிப்பட்ட ரிவியை இரும்பு விலைக்கு வாங்கி, பட்டியை மாற்றி, நல்ல விலைக்கு விற்பவர்களை எனக்குத் தெரியும். திருத்தும் செலவைக் கேட்டு அறிந்து, வேலைசெய்யும் ரிவியின் விலையில் இருந்து அதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் விலை.

சிலந்தி வலை மாதிரி வெடிப்போ, மேலிருந்து கீழாக நிறக் கோடுகளோ இருந்தால் கதை வேறு. பனல் மாற்றப் புதியதன் விலைக்குக் கிட்டவாகப் போகும். அப்போதும் நிறுத்து விற்கவேண்டாம். பவர் போட், மெயின் போட், ஸ்பீக்கர் எல்லாம் திருத்துபவர்களுக்குத் தேவைப்படும். ஆனால் முல்லைத்தீவு, மன்னார் கரையோர வீடுகளில் உப்புக் காற்றுப் பட்டு போட் பச்சை பிடித்திருந்தால் அதற்கும் பெறுமதி குறைவு.

கனடாவில் இருந்து உறவினர் கொண்டுவந்த ரிவிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் பெரிதாக இருக்கும். ஸ்டிக்கரில் 110-120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் எங்கள் கரண்டுக்கு நேரே போடமுடியாது. 100-240 என்று இருந்தாலும், அங்கத்தைய ஒளிபரப்பு முறை வேறு என்பதால் எங்கள் அன்டெனாவில் படம் எடுக்காது. எச்.டி.எம்.ஐ. வழியாகப் பெட்டி பூட்டித்தான் பார்க்கலாம். இதை மறைத்து விற்றால் அடுத்த நாளே வாங்கியவர் வாசலில் நிற்பார்.

பழைய ஸ்மார்ட் ரிவிக்கு அந்தப் பெயருக்காகக் கூட்டிக் கேட்கமுடியாது. 2012 வரையான பல ரிவிகளில் யூடியூப் 2015இலேயே நின்றுவிட்டது. மாறாக, றிமோட்டும் காலும் இருந்தால் கூட்டிக் கேளுங்கள். ஆள் வரும்போது ரிவியை ஓடவிட்டே காட்டுங்கள்.

தவணை முடியாத ரிவி சட்டப்படி இன்னும் கொம்பனியின் பொருள். முடிந்த கடிதம் கையில் வந்தபிறகு விலை பேசுங்கள். ஸ்மார்ட் ரிவி என்றால் கொடுப்பதற்கு முன் உங்கள் கூகுள் கணக்கையும் அதிலிருந்து அழித்துவிடுங்கள்.