புத்தகம் போட பெர்சனல் லோன் எடுக்கலாமா?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ-வில் இருக்கும் என் நண்பனுக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. எண்ணூர் மீனவர்கள் பற்றி ஒரு நாவல் எழுதி முடிச்சிட்டான். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினா, "நல்லா இருக்கு தம்பி, 45,000 கட்டுங்க, போட்டுடலாம்"னு பதில். லோன் எடுக்கட்டுமான்னு என்கிட்ட வந்தான்.

கணக்கு போட்டோம். விலை 200 ரூபாய், ராயல்டி 10%னு வைங்க. 500 பிரதி வித்தாலும் கைக்கு வர்றது 10,000 தான். இ.எம்.ஐ யார் கட்டுறது?

பாரதியாரே இதுல மாட்டினவர்தான். 1920-ல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சடிக்க, மாசம் 2% வட்டிக்கு புரோநோட் எழுதித் தர்றேன்னு சுற்றறிக்கை விட்டார். வருஷத்துக்கு 24%ங்க! பணம் சேரலை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரே போயிட்டார்.

எழுதினவனுக்குப் பதிப்பகம் காசு தரணும், நாம தரக்கூடாது. ஜனவரி புத்தகக் காட்சியில், நம்மள மாதிரி நாவல் போடுறவங்க யாருன்னு ஸ்டால் ஸ்டாலா பாருங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் 2 அத்தியாயம் அனுப்புங்க.

ஒப்பந்தம் வந்தா அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19 படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்னு அர்த்தம். "நிரந்தரமாக"ன்னு இருந்தா அடிக்கச் சொல்லுங்க. சினிமா, ஆடியோ உரிமை உங்ககிட்டயே இருக்கட்டும்.

நண்பன் லோனை விட்டுட்டான். 3 பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கான், ஒருத்தர் முழு நாவலையும் கேட்டிருக்கார்.