வன்னிப் பெருநிலப்பரப்பில் மென்பித்துநிலை: மனவடுவின் நிழலில் மறையக்கூடிய ஒரு நோய்

வன்னிப் பெருநிலப்பரப்பின் உளநலம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் போரினையே மையமாகக் கொண்டுள்ளன. இது இயல்பானதே. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை, 2008-2009 காலத் தொடர் இடப்பெயர்வுகள், முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வாழ்வு என்பவற்றை அடுத்தடுத்து அனுபவித்த மக்கள் இவர்கள். வன்னியின் துயரைத் தனியாள் நோயாக மாத்திரமன்றிக் கூட்டு மனவடுவாகவும் நோக்கவேண்டும் என்பதனைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வு வலியுறுத்தியது. ஆயின், ஒரு விளக்கம் வலுப்பெறுமிடத்து அதற்குள் அடங்காதவற்றையும் அதனுள் அடக்கிவிடும் அபாயம் உண்டு. இருதுருவ மனநிலைக் கோளாறு அவ்வாறு அடக்கப்படக்கூடிய ஒன்றாகும். அதன் மென்பித்துநிலையை, அதாவது ஹைப்போமேனியாவை, விளக்கி, வன்னிச் சூழலில் அதனை இனங்காண்பதிலுள்ள இடர்ப்பாடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

கிளர்ச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதனைப் பிரான்சில் பால்றே, பையார்ஜே ஆகிய இருவரும் 1850களில் எடுத்துரைத்தனர். மென்பித்து என்னும் கருத்தினை 1881 இல் ஜேர்மனிய மருத்துவரான மென்டல் அறிமுகஞ் செய்தார். 1899 இல் கிறேப்பலின் இவற்றை ஒரு நோய்த் தொகுதியாக வகுத்தார். 1957 இல் லியோன்கார்ட், சோர்வு மட்டுமே தோன்றும் ஒருதுருவ நோயையும் இரண்டும் தோன்றும் இருதுருவ நோயையும் வேறுபடுத்தினார்.

இன்றைய வகைப்பாட்டின்படி, முழுப் பித்துநிலை தோன்றுவது முதலாம் வகை. மென்பித்துநிலையும் கடும் மனச்சோர்வும் தோன்றுவது இரண்டாம் வகை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வரையறை பித்துநிலைக்குப் பொதுவாக ஏழு நாட்களையும் மென்பித்துநிலைக்கு நான்கு நாட்களையும் குறைந்த எல்லையாகக் கொள்கின்றது. மென்பித்துநிலையில் உற்சாகமோ எரிச்சலோ மிகும். பேச்சும் எண்ண ஓட்டமும் விரைவுபெறும். உறக்கத் தேவை குறையும். துணிகரச் செலவும் புதிய திட்டங்களும் பெருகும். எனினும் மாயப்புலனுணர்வோ திரிபெண்ணமோ தோன்றுவதில்லை. வாழ்க்கை முற்றாகச் சீர்குலைவதுமில்லை. இதனாலேயே அது நோயெனக் கருதப்படாது போகின்றது. பதினொரு நாடுகளில் நடத்தப்பெற்று 2011 இல் வெளியான உலக உளநல ஆய்வு, முதலாம் வகையை நூற்றுக்கு 0.6 பேரிலும், இரண்டாம் வகையை 0.4 பேரிலும், எல்லைக்குட்பட்ட மெல்லிய வடிவங்களை 1.4 பேரிலும் கண்டது.

இந்நோயில் பரம்பரையின் பங்கு பெரிதென இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் நெருக்கீடும் உறக்கக் குலைவும் நோய்க்கூறுகளைத் தூண்டவல்லவை. எனவே உயிரியலா சமூகமா என்னும் வினாவே பிழையானது. சமூகம் நோயை உண்டாக்காவிடினும், அது எப்போது வெடிக்கும், எவரால் காணப்படும், எவ்வளவு விலை கொடுக்கச் செய்யும் என்பவற்றைத் தீர்மானிக்கின்றது.

இனங்காண்பதிலுள்ள இடர்ப்பாடுகள்

எடுத்துக்காட்டாக, மீள்குடியேறிய கமக்காரர் ஒருவரைக் கற்பனை செய்வோம். காலபோகத்துக்கு முன்னர் அவர் மூன்று மணிநேரமே உறங்கி, களைப்பின்றி உழைக்கிறார். பிறர் காணியையும் குத்தகைக்கு எடுக்கிறார். கடன்பட்டு உழவு இயந்திரம் வாங்குகிறார். "இழந்ததை எல்லாம் மீட்டுவிடுவார்" என ஊர் மெச்சுகிறது. சில வாரங்களின் பின் அவர் படுக்கையைவிட்டு எழ மறுக்கிறார். சாவைப் பற்றிப் பேசுகிறார். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது அப்போதுதான். மருத்துவர் காண்பது போரில் உறவினரை இழந்த, சோர்வுற்ற ஒரு மனிதரை. முந்திய உற்சாகத்தை எவரும் கூறுவதில்லை. அது நோயென எவரும் எண்ணியதில்லை.

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கும் மென்பித்துநிலைக்கும் பொதுவான குறிகள் உள: எரிச்சல், அமைதியின்மை, உறக்கக் குறைவு. வேறுபாடு நுண்மையானது. மனவடு உற்றவர் உறங்க விரும்பியும் தீக்கனவுகளால் உறங்க முடியாதவர்; பகலில் களைத்திருப்பவர். மென்பித்துநிலையிலுள்ளவர் உறக்கம் தேவையில்லை என உணர்பவர், களைப்பறியாதவர். முன்னையது நினைவூட்டும் பொருள்களால் தூண்டப்பட்டு நீடிப்பது. பின்னையது தொடக்கமும் முடிவும் உடைய காலக்கூறாக வந்து போவது. இரண்டும் ஒருவரிடத்தே இணைந்திருத்தலும் கூடும்.

மென்பித்துநிலையை அதனை அனுபவிப்பவரைவிட அருகிலிருப்பவரே நன்கு அறிவர். ஆகவே குடும்பத்தவரின் சாட்சியம் இன்றியமையாதது. வன்னியிலோ வாழ்க்கைத் துணையை இழந்தோர் பலர், உறவுகள் சிதறியுள்ளன, மருத்துவமனைகளே மக்களோடு இடம்பெயர்ந்த 2008-2009 காலத்தில் பழைய குறிப்புகளைப் பேணுதல் அரிதாயிற்று. நோயாளியின் கடந்த காலத்துக்குச் சாட்சியில்லாமற் போவதும் போரின் விளைவுகளுள் ஒன்றே. ஆண்டும் மாதமும் நினைவில்லாதவரிடத்து, "முகாமிலிருந்து வந்தபின் முதற் காலபோகத்தில் எப்படியிருந்தீர்கள்?" என வினவுதல் பயன்தரும். இடப்பெயர்வும் போகமுமே இம்மக்களின் நாட்காட்டி.

பண்பாட்டையும் கருத்திற் கொள்ளவேண்டும். கோயிற் பொங்கலில் உருவேறி ஆடுதல் சடங்கோடு தொடங்கிச் சடங்கோடு முடிவது. சமூகம் ஏற்ற எல்லையுடையது. அதனைப் பித்தெனல் தவறு. மறுபுறம், நாட்கணக்கில் நீளும் உறக்கமின்மையைத் தெய்வ அருளென விடுதலும் தவறே. பெண்களின் நிலை இன்னுங் கடினமானது. ஆணின் மிகையூக்கம் உழைப்பாகப் போற்றப்பட, பெண்ணின் மிகைப்பேச்சும் வெளிநடமாட்டமும் ஒழுக்கக்கேடாகத் தூற்றப்படுகின்றன.

சிகிச்சையும் சூழலும்

நோயைச் சரியாக இனங்காணல் ஏட்டளவிலான சிக்கலன்று. இருதுருவ நோயாளிக்கு, குறிப்பாக முதலாம் வகையினருக்கு, மனச்சோர்வகற்றி மருந்தை மாத்திரம் வழங்கின் அது சிலரைப் பித்துநிலைக்குத் தள்ளக்கூடும். மனநிலையைச் சமப்படுத்தும் மருந்துகளே அடிப்படையானவை. அவற்றுள் முதன்மையானது லித்தியம். 1949 இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் அதன் பயனை அறிவித்தார். அது தற்கொலை அபாயத்தைக் குறைப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயின் லித்தியம் சிறுநீரகத்தினூடாகவே வெளியேறுகின்றது. வியர்வையால் உடலில் நீரும் உப்பும் குறையுமிடத்துச் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிக்கொள்ளும். குருதியில் அது நஞ்சாகும். வெயிலில் நாள் முழுதும் வயலில் நிற்பவருக்கு இஃது உண்மையான அபாயம். மூட்டுவலிக்கு உட்கொள்ளும் ஐபுபுறோபென், டைகுளோபெனக் போன்ற மாத்திரைகளும் இவ்வளவை உயர்த்தும். மேலும் வவுனியா உள்ளிட்ட உலர் வலயப் பகுதிகள் காரணம் தெளிவுறாத நீண்டகாலச் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவை. எனவே குருதியில் லித்திய அளவையும் சிறுநீரகத் தொழிற்பாட்டையும் ஒழுங்காகச் சோதிக்கும் வசதியின்றி இம்மருந்தை வழங்குதல் பொருந்தாது. மாற்றாகக் கொள்ளப்படும் வல்ப்புரோயேற்றோ கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கவல்லது. மகப்பேற்று வயதுப் பெண்களுக்கு அது தவிர்க்கப்படவேண்டியது. நகரத்துப் பாடநூல் கூறும் மருந்து, கிராமத்து ஆய்வுகூட வசதியில் தங்கியிருக்கின்றது.

கடனும் இவ்வாறே. மென்பித்துநிலையிற் செய்யும் செலவு எங்கும் துன்பந் தருவதுதான். ஆனால் போருக்குப் பின் வடக்கிற் பரவிய நுண்கடன், ஒரு சில நாள் மிகையுற்சாகத்தையும் ஆண்டுக்கணக்கான கடனாக மாற்றக்கூடியது. அக்கடன்சுமை பெண்களை எவ்வளவு வருத்தியதெனின், 2018 இல் அரசே நிவாரணத் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தது. கையெழுத்திட்டவரின் மனநிலையைக் கடன் வழங்குநர் வினவுவதில்லை. தவணையை மாத்திரமே வினவுகின்றனர்.

முடிவுரை

போர் விட்டுச்சென்ற வடுக்களைக் குறைத்து மதிப்பிடுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. துயருக்குப் பெயரிடுதல் நீதிக்கான தொடக்கம். பிழையான பெயரிடுதலோ நோயாளிக்கு இழைக்கப்படும் மற்றோர் அநீதி. சோர்வுடன் வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு வினாக்களையேனும் கேட்டல்வேண்டும்: குறைவாக உறங்கியும் களைப்பின்றி இருந்த நாட்கள் இருந்தனவா? அந்நாட்களில் உங்களைக் கண்டவர் யார்? முதல் வினாவை மருத்துவர் கேட்கலாம். இரண்டாவதற்கு விடைதரக்கூடிய குடும்பத்தையும் அயலையும் மீளக் கட்டியெழுப்புதல் மருத்துவமனைக்கு வெளியே நிகழவேண்டிய பணியாகும்.